நாற்கரச் சாலைக்கு இந்தப் பக்கம் பால்வாடி கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்: கிழக்குத் தெரு தாய்மார்கள்
பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: கிழக்குத் தெருவில் குறு அங்கன்வாடி மையம் அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தை மாதம் ஒரு மனு, சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று கொடுத்தோம். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. எங்கள் தெருவைப் பற்றித் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. போன மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியதைப் பார்க்க வந்தபோது எங்கள் வேப்பமரத்தடியில்தான் தங்கள் வண்டி நின்றது.

1. எங்கள் பக்கம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 47 பேர். பால்வாடி சாலைக்கு அந்தப் பக்கம்.

2. வரைபடத்தில் அது 600 மீட்டர். நடுவில் இருந்த வழியை அடைத்துவிட்டார்கள். விபத்து நடக்கக் கூடாது என்றுதான் அடைத்தார்கள், அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் இப்போது சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர். பிள்ளையை விட்டுவிட்டு வர ஆறு, மதியம் கூட்டி வர இன்னொரு ஆறு. வாரத்துக்கு மூன்று முட்டைக்காக ஒரு தாய் தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க முடியுமா, ஐயா? விடிகாலை நான்கு மணிக்குப் பூப்பறிக்கப் போகிறவர்கள் நாங்கள். மல்லி மொட்டு நமக்காகக் காத்திருக்காது. போன வருடம் ஒரு பாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு தடுப்புச்சுவர் ஏறி இறங்கினார். பையன் தப்பித்தான், பாட்டிக்கு இடுப்பெலும்பு போயிற்று. அதற்கப்புறம் யாரும் பிள்ளையை அனுப்புவதில்லை. வருகைப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தாங்களே வாங்கிப் பார்க்கலாம்.

3. பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று சொல்லவா? காலையில் டீயில் தோய்த்த வர்க்கி. பதினொரு மணிக்கு ஐந்து ரூபாய் பாக்கெட். அந்த நொறுக்குத்தீனி வண்டி வாரம் இரண்டு தடவை சுரங்கப்பாதை வழியாக எங்கள் தெருவுக்குள் வருகிறது. சத்துமாவுக்கு மட்டும் வழி தெரியவில்லை போலிருக்கிறது. எங்கள் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் காலை உணவுத் திட்டம் நன்றாக நடக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆனால் அது பள்ளிப் பிள்ளைகளுக்கு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தன் பங்குக் கிச்சடியில் பாதியை டப்பாவில் போட்டுத் தம்பிக்குக் கொண்டு வருகிறாள். டீச்சர் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளை தன் வயிற்றைக் குறைத்துக்கொண்டு செய்கிற வேலையை அரசாங்கம் செய்யக் கூடாதா?

இதை எழுதுகிற எனக்குத் தங்கை மகள் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இரண்டு வயது முடிந்தது. கிராமச் செவிலியர் எடை பார்த்தார், 7 கிலோ 800 கிராம். அந்த வயதுப் பெண் குழந்தை ஒன்பது கிலோவுக்குக் கீழே இருந்தாலே எடைக்குறைவாம். கையில் அளவு நாடாவைச் சுற்றினால் சிவப்பில் நின்றது. சிவப்பு என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவாம். 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் இப்படிப்பட்ட குழந்தைக்கு 56 நாள் சிறப்பு உணவு உண்டு, பால்வாடியில் சேர்த்து வாரா வாரம் எடை பாருங்கள் என்றார். எந்தப் பால்வாடியில், ஐயா? இரண்டு வாரம் தங்கை தூக்கிக்கொண்டு நடந்தாள். மூன்றாவது வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று பூக்காட்டுக்காரர் சொல்லிவிட்டார். பிள்ளை இப்போது அழுவதுகூட இல்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் தொல்லை தராத பிள்ளை என்று நினைத்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

4. "ஊராட்சியில் ஏற்கெனவே மையம் உள்ளது" என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். சரி. 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்றது. நாங்கள் கேட்டு எத்தனை மூன்று மாதம் ஆயிற்று? 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே மூன்று வயதுப் பிள்ளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று கணக்கே போட்டு வைத்தார்கள். கணக்கு உங்கள் மேசையில் இருக்கிறது, பிள்ளை எங்கள் மடியில் இருக்கிறது. கோபமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும்.

புதுக் கட்டடம் கேட்கவில்லை. தொடக்கப்பள்ளியில் ஓர் அறை நல்ல நிலையில் பூட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு குறு மையம் போதும். அது வரும்வரை, அந்தப் பக்கம் சமைத்த சோற்றையும் முட்டையையும் ஓர் ஆட்டோவில் இங்கே அனுப்பச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவையாவது தராசு இங்கே வரட்டும்.

தயவுசெய்து ஒரு காலை நேரில் வாருங்கள், ஐயா. ஜீப்பை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு நடந்து வாருங்கள். அறையைத் திறந்து கொடுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு தாய்மார்கள்
(கையொப்பம் 22, கைரேகை 9)

இணைப்பு: முந்தைய மனு ரசீது நகல்கள் 3, குழந்தைகளின் வயது, எடைப் பட்டியல். பட்டியலில் கடைசி ஏழு பேருக்கு எடை எழுதவில்லை. செவிலியர் வந்த நேரத்தில் அவர்கள் அம்மாவோடு பூக்காட்டில் இருந்தார்கள்.