முறை யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய ஆர்பிஜி (கதாபாத்திரமாக நாமே ஆடும் வீடியோ விளையாட்டு) வகையைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆவலுடன் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே என்பதால் கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. ஆயினும் ‘பெர்சோனா’ தொடரும் ‘ஷின் மெகாமி டென்செய்’ தொடரும் கதையில் மட்டுமே வேறுபடுகின்றன, சண்டை முறை இரண்டிலும் ஒன்றுதான் என்ற பொருளில் அவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

அவர் ஏன் அப்படி எண்ணினார் என்பது புரிகிறது. இரண்டும் அட்லஸ் நிறுவனத்தின் படைப்புகள். 1992இல் சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவியில் வந்த முதல் ஷின் மெகாமி டென்செய்க்குப் பிறகு, அதே குடும்பத்தின் கிளையாக 1996இல் பிளேஸ்டேஷனில் பெர்சோனா வந்தது. நெருப்புக்கு ‘அகி’, பனிக்கு ‘பூஃபு’, மின்னலுக்கு ‘சியோ’ என மந்திரப் பெயர்களும் பொது. நமக்காகச் சண்டையிடும் துணைவர்களில் (ஒன்றில் பேய்கள், மற்றதில் ‘பெர்சோனா’க்கள்) பாலித் தீவுத் தொன்மங்களின் ரங்தாவையும் பாரோங்கையும் ஒன்றாக இணைத்தால் சிவன் தோன்றுவார் என்ற சூத்திரம்கூட ‘நாக்டர்ன்’ எனப்படும் மூன்றாம் ஷின் மெகாமி டென்செயிலும் பெர்சோனா 4இலும் மாறாமல் இருக்கிறது. எதிரியின் பலவீனத்தைக் கண்டறிந்து தாக்கினால் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும் என்பதும் இரண்டிலும் உண்டு. ஆனால் அந்தக் கூடுதல் வாய்ப்பு யாருக்குச் சொந்தம், தவறினால் யார் இழக்கிறார்கள் என்று கேட்டவுடன் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

2003இல் வெளிவந்த நாக்டர்ன்தான் ‘பிரஸ் டர்ன்’ முறையை அறிமுகப்படுத்தியது. களத்தில் நால்வர் இருந்தால் குழுவுக்கு நான்கு சின்னங்கள், அதாவது நான்கு ஆட்ட வாய்ப்புகள். சாதாரணத் தாக்குதலுக்கு ஒரு சின்னம் செலவாகும். பலவீனத்தைத் தாக்கினாலோ கிரிட்டிகல் எனும் பலத்த அடி விழுந்தாலோ அரைச் சின்னம்தான் போகும். தன் முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தாலும் அரைதான். ஆகவே நான்கை எட்டாக்கலாம். அதேவேளை அடி குறி தவறினாலோ எதிரியிடம் பலிக்காமல் போனாலோ இரண்டு சின்னங்கள் பறிபோகும். எதிரி அதைத் திருப்பி அனுப்பினாலோ உறிஞ்சிக்கொண்டாலோ மிச்சமுள்ள அனைத்தும் போய்விடும். சின்னங்கள் பொதுப்பணம், ஒருவர் செய்யும் ஊதாரித்தனத்துக்கு நால்வரும் வட்டி கட்ட வேண்டும். இந்தச் சட்டம் எதிரிக்கும் அப்படியே பொருந்தும் என்பதில்தான் இம்முறையின் அழகு இருக்கிறது. அவன் தாக்குதலை நம்மில் ஒருவர் செல்லாததாக்கினால் அவனுடைய சின்னங்கள் கரைகின்றன. தற்காப்பே இங்கே எதிரியின் நேரத்தைத் திருடும் வழியாகிறது.

2006இல் வந்த பெர்சோனா 3இன் ‘ஒன் மோர்’ முறையில் பொதுப்பணம் என்ற ஒன்றே கிடையாது. பலவீனத்தைத் தாக்கியவர் எதிரியைக் கீழே சாய்த்து, உடனே தானே இன்னொரு முறை ஆடுகிறார். எல்லா எதிரிகளும் சாய்ந்துவிட்டால் குழு முழுவதும் பாய்ந்து தாக்கும் ‘ஆல்-அவுட் அட்டாக்’ கிடைக்கிறது. எதிரிக்கும் ஒன் மோர் உண்டு. ஆனால் அவன் தாக்குதல் பலிக்காமல் போனால் அந்த ஒரு முறை வீணாகுமே தவிர, வேறு தண்டனை இல்லை. அந்த முதல் பதிப்பில் கதாநாயகனை மட்டுமே நாம் நேரடியாக இயக்க முடிந்தது. தோழர்கள் நாம் கொடுத்த பொதுவான உத்தரவுக்கேற்பத் தாமாகவே ஆடினார்கள். தோழர் என்ன செய்வார் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் பொதுச் சின்னக் கணக்கு எப்படி நடக்கும்? தனியாளுக்குத் தனிப் பரிசு என்பதே அங்கே பொருத்தம். பின்னாளில் தோழர்களை நாமே இயக்கும் வசதி வந்தது. பெர்சோனா 5இல் அந்தக் கூடுதல் முறையைத் தோழரிடம் கைமாற்றும் ‘பேட்டன் பாஸ்’ வந்தது. அப்போதும் கைமாறுவது வென்றெடுத்த பரிசுதான், கடன் கைமாறுவதில்லை.

என் அக்காள் மகன் பெர்சோனா 5 ராயலை முடித்த கையோடு நாக்டர்னின் மறுபதிப்பைத் தொடங்கினான். மாடடோர் என்ற எலும்புக்கூட்டுக் காளைச்சண்டை வீரனிடம் ஒரு மாலை முழுவதும் தோற்றுக்கொண்டே இருந்தான். அந்த வீரன் தன் சிவப்புத் துணியை வீசித் தன் குறித்திறனையும் விலகும் திறனையும் உச்சத்துக்கு ஏற்றிக்கொள்வான். பையனோ பெர்சோனாப் பழக்கத்தில் அடித்துக்கொண்டே இருந்தான். இரண்டு அடி குறி தவற, நான்கு சின்னங்களும் காலி. பெர்சோனாவில் அதே இரண்டு தவறுகளுக்குப் பிறகும் இன்னும் இருவர் ஆட மிச்சம் இருந்திருப்பார்கள். சுகுண்டா மந்திரத்தால் எதிரியின் குறித்திறனையும் விலகும் திறனையும் குறைத்து, அவனுடைய ஃபோர்ஸ் எனும் காற்று வகைத் தாக்குதலைச் செல்லாததாக்கும் கூட்டாளிப் பேய்களைச் சேர்த்த பிறகே பையன் வென்றான். நாக்டர்னில் இப்படிப்பட்ட ஏற்ற இறக்கங்கள் நான்கு படிகள் வரை அடுக்கிச் சண்டை முடியும்வரை நீடிப்பதும், பெர்சோனாவில் மூன்றே முறைகளில் கலைந்துவிடுவதும் இங்கே பெரிய வேறுபாடு.

இதனால் பெர்சோனா எளிது, மற்றது கடினம் என்று சொல்லிவிட முடியாது. பெர்சோனா தன் நெருக்கடியை வேறிடத்தில் வைத்திருக்கிறது. அங்கே நாட்காட்டி ஓடுகிறது. இன்ன தேதிக்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடு இருக்கிறது. மந்திரங்களுக்குச் செலவாகும் எஸ்பி எனும் ஆற்றல் தீர்ந்து பாதியில் வெளியே வந்தால், நண்பர் ஒருவருடன் கழித்திருக்கக்கூடிய ஒரு நாள் போகிறது. அந்த நட்போ, புதிய பெர்சோனாவை இணைக்கும்போது கூடுதல் அனுபவப் புள்ளிகளாகத் திரும்பி வருகிறது. ஷின் மெகாமி டென்செயில் நாட்காட்டி இல்லை; எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் போய்க் காயத்தை ஆற்றிக்கொண்டு வரலாம். அங்கே கஞ்சத்தனம் தேவைப்படுவது சண்டைக்குள்தான். (பணத்தையும் பொருளையும் வாங்கிக்கொண்டு கூட்டுச்சேராமலே ஓடிவிடும் பேய்களிடம் பேரம் பேசும்போதும் கொஞ்சம் தேவைப்படும்.)

கட்டுரையாளர் கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. நாக்டர்னில் பணியாற்றி, பின்னர் பெர்சோனா 3, 4, 5 ஆகியவற்றை இயக்கிய கட்சுரா ஹஷினோ, 2024இல் ‘மெட்டஃபர்: ரீஃபான்டாசியோ’வை உருவாக்கியபோது, பெர்சோனாவின் நாட்காட்டியை எடுத்துக்கொண்டார், சண்டைக்கு மட்டும் ஒன் மோரை விட்டுவிட்டுப் பிரஸ் டர்னின் சின்னங்களுக்குத் திரும்பினார். இரண்டும் ஒன்றே என்றால் அவர் அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே எழுந்திருக்காது. அடுத்த பகுதியில் மெட்டஃபரைப் பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருப்பதால், அதற்கு முன்பே இதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்பினேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.