‘நாலு போட்டோ குடுத்துட்டுப் போங்க’ என்று சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

படக் கம்பெனி ஆபீஸ்களில் நடிகர் தேர்வு பார்க்கும் உதவி இயக்குநர்களுக்கும், காஸ்டிங்கைத் தனித் தொழிலாகவே செய்யும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சாலிகிராமத்தில் 22 வருடமாக ஸ்டுடியோவும் பிரிண்ட் கடையும் வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் நிறையப் பேரை எனக்கு முகம் தெரியும். ஸ்கிரிப்டை ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணச் சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்தபடி இரண்டாம் பாதியை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் நீங்கள். ‘அப்புறம் தர்றேண்ணே’ என்று போனவர்களும் உண்டு. அதை விடுங்கள், இந்த மடல் அந்தக் கணக்கைப் பற்றியது இல்லை.

வாய்ப்புக் கேட்டு வரும் பிள்ளைகளிடமும் அவர்களைக் கூட்டி வரும் அம்மா அப்பாவிடமும் நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த மாதிரி போட்டோ, என்ன சைஸ், மேக்கப் போடலாமா கூடாதா என்று நீங்கள் யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில் பெரிய வியாபாரமே நடக்கிறது.

ஒரு நாள் காலை ஒரு அம்மா ஒன்பது வயது மகளோடு கடைக்கு வந்தார். தேனிப் பக்கம். கிளாம்பாக்கத்தில் இறங்கி, பஸ் மாறி, கையில் கறுப்பு அட்டை போட்ட ஆல்பத்தோடு நேராக வடபழனி வந்திருக்கிறார். ஆல்பம் 12-க்கு 18 இன்ச் சைஸ், இருபது தாள். ஊரில் கல்யாண ஆல்பம் போடும் கடையில் 18,000 ரூபாய் கொடுத்து எடுத்தது. பாதிப் பணம் குழுக்கடன் என்றார். அதில் அந்தப் பெண் லெஹங்காவில் இருக்கிறாள், போலீஸ் உடையில் இருக்கிறாள், பரதநாட்டிய உடையில் இருக்கிறாள், கூலிங் கிளாஸ் போட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறாள். எல்லாத் தாளிலும் முகம் மைதா மாவு போல வழவழவென்று வெளுத்துக் கிடக்கிறது.

பிள்ளை என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது. நல்ல மாநிறம். இடது புருவத்தை ஒட்டி ஒரு சின்னத் தழும்பு. புதிதாக முளைத்த முன்பல் இரண்டும் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஆல்பத்தில் தழும்பைக் காணோம், பல் வரிசையாக இருக்கிறது. அம்மாவுக்கு வேண்டியது ஆல்பத்திலிருந்து நாலு தாள், 8-க்கு 12-இல் பத்துப் பத்து காப்பி. ஒரு ஆபீஸில் ‘ஆல்பமெல்லாம் வைக்க இடமில்லை, காப்பி கொண்டு வாங்க’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

காப்பி போடுவது என் தொழில், வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசில்லை. இருந்தாலும், ‘ஒரு பத்து நிமிஷம் இரும்மா, புதுசா ஒண்ணு எடுக்கறேன், பிடிக்கலைன்னா விட்டுடு’ என்றேன்.

நான் செய்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நீங்கள் கேட்க வேண்டிய போட்டோ எது என்பது இதில்தான் இருக்கிறது. அந்த அம்மா கடைக்குள் நுழையும் முன்பே மகளுக்குப் பவுடர் பூசியிருந்தார். ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். பளபளக்கும் சட்டையை மாற்றி, பையில் இருந்த நீலக் காட்டன் கவுனைப் போடச் சொன்னேன். பூப்போட்டதோ எழுத்து எழுதியதோ இருந்தால் கண் அதற்குத்தான் போகும். என் கடை வாசல் வடக்குப் பார்த்தது, நேர் வெயில் விழாது. ஷட்டரைப் பாதி இறக்கி, பிள்ளையை வாசலோரம் உட்கார வைத்து, நிழல் விழுந்த பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை அம்மாவைப் பிடிக்கச் சொன்னேன். லைட் அவ்வளவுதான். 85 எம்எம் லென்ஸ், ஆறடி தள்ளி நின்றேன். செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்விடும். செல்போனில் எடுத்தாலும் தப்பில்லை, நாலடியாவது தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் பண்ணி எடுக்கட்டும்.

அப்புறம், ‘சிரி’ என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்வதில்லை. சொன்னால் பல்லைக் காட்டும், கண் செத்துப்போகும். வகுப்பில் பென்சில் திருடுவது யார் என்று கேட்டேன். பெயர் சொல்லி, அவன் எப்படித் திருடுவான் என்று நடித்துக் காட்ட ஆரம்பித்தாள். அங்கே பிடித்தேன். கண்ணுக்குள் வாசல் வெளிச்சம் ஒரு சின்ன நாமக்கட்டி அளவுக்கு விழுந்திருந்தது.

கம்ப்யூட்டரில் போட்டதும் உதட்டோரம் ஒட்டியிருந்த முறுக்குத் தூளை மட்டும் எடுத்தேன். அடுத்த வாரம் இருக்காத எதையும் எடுக்கலாம், அடுத்த வருஷமும் இருக்கப்போவதைத் தொடக் கூடாது என்பது என் கணக்கு. பரு போகலாம், மச்சம் போகக் கூடாது. தழும்பும் அரைப்பல்லும் அப்படியே இருந்தன.

பிரிண்டில் எங்கள் பக்கத் தப்பும் உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். லேப் மிஷினில் ஆட்டோ கரெக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. படம் மொத்தமும் ஒரு நடுத்தர வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் எண்ணம். கறுத்த முகம் படத்தில் பெரிதாக வந்தால், படம் இருட்டாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு தானாக வெளுத்துவிடும். அதை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டெஸ்ட் துண்டு போட்டு, அந்த ஆளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துத்தான் முழுப் பிரிண்ட் போட வேண்டும். எத்தனை கடையில் செய்கிறோம்? நானே கல்யாண சீசனில் செய்வதில்லை.

சைஸ் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நடிகர்கள் கொடுக்கும் முகப்படத்துக்கு 8-க்கு 10 இன்ச்தான் வழக்கமான அளவு. இங்கே கேமராவில் எடுப்பது 8-க்கு 12-இல் அப்படியே உட்காரும், 8-க்கு 10 கேட்டால் நீளத்தில் இரண்டு இன்ச் வெட்ட வேண்டும். எடுக்கும்போதே தலைக்கு மேல் இடம் விட்டிருந்தால் சரி, இல்லையென்றால் உச்சந்தலை போய்விடும். எது வேண்டும் என்று முதலிலேயே சொன்னால் எங்களுக்குப் பாதித் தலைவலி குறையும். இன்னொன்று, ‘வாட்ஸ்அப்ல அனுப்புங்க’ என்கிறீர்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் நிறையச் சுருங்கிவிடும். 8-க்கு 12 நல்ல பிரிண்டுக்கு அது 3600 பிக்சல் இருக்க வேண்டும். சுருங்கிய படத்தை நீங்கள் திருப்பி என்னிடமே அனுப்பி, ‘அண்ணே, இயக்குநர் டேபிளுக்கு ஒரு பிரிண்ட்’ என்று கேட்கும்போது நான் என்ன செய்ய? டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், போதும். கிளாஸி பேப்பரும் வேண்டாம். உங்கள் ஆபீஸ் டியூப் லைட்டில் முகத்துக்குப் பதில் டியூப் லைட்தான் தெரியும்.

சரி, இனி கொஞ்சம் கசப்பான விஷயம். நீங்கள் அனுப்பும் அறிவிப்பில் ‘8 முதல் 11 வயதுப் பெண் குழந்தை, கலராக இருக்க வேண்டும்’ என்று எழுதுகிறீர்கள். கிராமத்துக் கதை. அப்புறம் வெள்ளையாக ஒரு பிள்ளையைக் கூட்டி வந்து, செட்டில் கறுப்பு மேக்கப் பூசுகிறீர்கள். நான் மேக்கப் டெஸ்ட் ஸ்டில்லுக்குப் பிரிண்ட் போட்டவன், எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டுத்தான் ஊரில் இருக்கும் போட்டோ கடைக்காரர் பிள்ளை முகத்தை மைதா மாவாக்குகிறார். படத்தைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, நேரில் வந்த பிள்ளையை மேலும் கீழும் பார்த்து ‘போட்டோல வேற மாதிரி இருந்துச்சே’ என்று சொல்பவரும் நீங்கள்தான். அந்த வார்த்தையை ஒன்பது வயதுப் பிள்ளை எதிரில் நின்று கேட்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு, எங்கள் தெருப் பழைய பேப்பர் கடைக்காரர் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ‘அண்ணே, இது உங்க கடைக் கவர் மாதிரி இருக்கே’ என்றார். படம் முடிந்து காலி செய்த ஒரு ஆபீஸிலிருந்து எடைக்குப் போட்டது. பிரித்துப் பார்த்தால் அத்தனையும் பிள்ளைகள் படம். பின்பக்கம் பெயர், வயது, அம்மாவின் போன் நம்பர். சிலவற்றில் பள்ளிக்கூடப் பெயர், வீட்டு விலாசம்கூட இருந்தது. போட்டோ பேப்பரை அரைக்கக் கூழ் ஆலைக்காரன் வாங்க மாட்டான் என்று அவர் அலுத்துக்கொண்டார். நான் கட்டை வாங்கி வைத்து, அன்று ராத்திரி கடையடைத்த பிறகு நானும் பையனும் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டினோம். முக்கால்வாசி நான் போட்ட பிரிண்ட்.

14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை நடிக்க வைக்க 2017-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது உங்களுக்குத் தெரியும். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் பேங்கில் போட வேண்டும். நல்ல விதிகள். ஆனால் அதெல்லாம் பிள்ளை செட்டுக்குள் வந்த பிறகு. செட்டு வரைக்கும் வராத பிள்ளைகளின் முகம் உங்கள் பீரோவில் கிடக்கிறதே, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

அதனால் ஒரு வேண்டுகோள். ஆல்பம் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். முகம் ஒன்று, முழு உருவம் ஒன்று, மேக்கப் இல்லாமல், கம்ப்யூட்டரில் முகத்தை மாற்றும் ரீடச் இல்லாமல், எடுத்த மாதமும் வருடமும் எழுதியது. பின்பக்கம் பெயர், வயது, உயரம், பெரியவர் ஒருவரின் போன் நம்பர், அதற்கு மேல் எதுவும் கேட்காதீர்கள். பிள்ளைகள் ஆறு மாதத்தில் ஆளே மாறிவிடும், பல் விழும், உயரம் கூடும். பழைய படத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கும் பிரயோஜனமில்லை, தேர்வு முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். இரண்டு பிரிண்டும் சேர்த்து என் கடையில் 120 ரூபாய். அந்த அம்மா 18,000 கொடுத்தார்.

அவருக்கு நான் எடுத்த படம் முதலில் பிடிக்கவில்லை. ‘கறுப்பா தெரியறாளே’ என்றார். மகள்தான் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இது நான்தாம்மா’ என்றாள். கடைசியில் புதியதில் ஒன்றும் ஆல்பத்திலிருந்து ஒன்றுமாகப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். எதை எந்த ஆபீஸில் கொடுத்தாரோ, தெரியாது.

மேலே சொன்னதை அரைப் பக்கத்தில் உங்கள் வார்த்தையிலேயே எழுதி, ஆபீஸ் வாசலில் ஒட்டிவிடுங்கள். எழுதிக்கொண்டு வந்தால் டைப் அடித்து, பிரிண்ட் போட்டு, லேமினேஷன் பண்ணித் தருகிறேன். காசு வேண்டாம். பழைய பாக்கி இருப்பவர்களும் தாராளமாக வரலாம்.

இப்படிக்கு,
சாலிகிராமத்துப் பிரிண்ட் கடைக்காரன்