தொப்பை மேலே போன கதை

தண்டையார்பேட்டை

அன்புள்ள கலை,

நாலு மாதமாக உன் போனை எடுக்கவில்லை. நன்றாகத் திட்டிக்கொள். குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் அக்கா, மார்பை எடுப்பதோடு போதும், புதிதாக வைக்கிறேன் என்று இன்னும் பல மணி நேரம் மயக்கத்தில் கிடக்க முடியாது என்கிறாராமே? சாந்தி சொன்னாள். இதை அவருக்குப் படித்துக் காட்டு.

எனக்கு மார்பை எடுத்த அன்றே, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து மேலே வைத்துத் தைத்துவிட்டார்கள். வயிற்றுத் தசையை எடுக்கவில்லை. ஆமாம், அதே தொப்பைதான். செல்வத்திடம் சொல்லாதே!

என்னைக் காப்பாற்றியது மயக்க டாக்டர் என்றுதான் சொல்வேன். முதல் கேள்வியே, "பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?" எனக்கு மகாபலிபுரம் டூரும் உன் பச்சைத் தாவணியும் ஞாபகம் வந்து சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, மயக்கம் தெளிந்ததும் வாந்தி அதிகமாம். சிகரெட் பிடிக்காதவர்களுக்கு இன்னும் அதிகமாம், இது என்ன நியாயம் சொல்! அதனால் மயக்க வாயு கொடுக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை ஏற்றி, வாந்திக்கு முன்கூட்டியே இரண்டு மருந்தும் போட்டார்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி எச்சில் விழுங்கக்கூடப் பயந்து கிடந்தேனே, இப்போது அப்படியில்லை. சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்பு வரை, வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை. காபி கேட்டேன். பால் கலந்தால் சாப்பாட்டுக் கணக்காம்.

வலிக்கு, ஸ்கேனில் பார்த்து நெஞ்சிலும் வயிற்றுப் பக்கவாட்டிலும் நரம்பு மரத்துப்போக ஊசி. அப்புறம் வலி வரும்வரை காத்திருக்காமல் நேரம் பார்த்து பாராசிட்டமால். மார்ஃபின் கொஞ்சம்தான், அதனால் தலைசுற்றலும் குமட்டலும் இல்லை. உடம்பு குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கி, வைத்த சதைக்கு ரத்தம் சரியாகப் போகாது என்று சூடான காற்றுப் போர்வை வேறு. ராத்திரி முழுக்க மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து, ரத்தம் ஓடும் சத்தத்தை டாப்ளர் கருவி வைத்துக் கேட்டாள். உஸ்... உஸ்... கொருக்குப்பேட்டை கூட்ஸ் வண்டியே பரவாயில்லை. தூக்கம் போச்சு.

மறுநாளே யூரின் ட்யூப்பை எடுத்து நடக்கவிட்டார்கள். வயிற்றுத் தையல் இழுக்கக் கூன் போட்டு நாலடி. காலில் ரத்தம் உறையாமல் இருக்க நடந்தே ஆகணுமாம். அஞ்சாம் நாள் வீடு. எங்கள் அண்ணியோ நாற்பது நாள் பாயை விட்டு எழக்கூடாது என்று இன்னும் சண்டை.

ஒன்று மட்டும் மறைக்க மாட்டேன், கலை. வைத்த இடத்தைத் தொட்டால் உணர்ச்சியே இல்லை, மரக்கட்டை மாதிரி இருக்கிறது. இதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. முதல் தடவை குளிக்கும்போது, சோப்பு அங்கே போனதே தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். அக்காவை இதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யச் சொல். வேண்டாம் என்றாலும் சரிதான். ஆனால் மயக்கத்துக்குப் பயந்து வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் சங்கரா வாங்கிக்கொண்டு வருகிறேன். ஆட்டோவில்தான், உன் புடவைக்கு ஆபத்தில்லை.

உன்,
மல்லி