உன் பட்டியலில் எதை அடித்துவிட்டேன் என்றால்

காஸ்பர், வயோமிங்

அன்புள்ள தம்பிக்கு,

இந்தச் சமவெளியில் மேயும் மான் போன்ற பிராங்ஹார்னை வேட்டையாட வாங்கப்போவதாக நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டாவுக்கான ரைபிள், குறிபார்க்க இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப், இலை அச்சிட்ட மூன்று அடுக்கு வேட்டை உடை, கார்பன் முக்காலி, பல் வைத்த பெரிய கத்தி. அப்பா விலையைக் கூட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். எனக்கோ சொல்ல நிறைய இருக்கிறது. பட்டியலுக்குக் கீழே "600 கெஜம் வரை தைரியமாகச் சுடலாம்" என்று எழுதியிருக்கிறாயே, மற்ற எல்லாச் செலவும் அந்த ஒரு வரியிலிருந்துதான் முளைத்திருக்கிறது. முதலில் அதை அடித்துவிடு.

பிராங்ஹார்ன் பெரிய விலங்கு இல்லை. நன்றாக வளர்ந்த ஆணே ஐம்பது, அறுபது கிலோதான். உனக்குக் கிடைத்திருப்பதோ பெண் மானுக்கான அனுமதி, அது இன்னும் சிறியது. நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் எட்டு, ஒன்பது அங்குல அகலம். அதில் சரியாக விழுந்தால் எந்த நடுத்தர ரைபிளும் போதும். விழாவிட்டால் மேக்னமும் காப்பாற்றாது. 600 கெஜத்தில் குண்டு போய்ச் சேரவே ஏறத்தாழ முக்கால் நொடி ஆகும். மேய்ந்துகொண்டிருக்கும் மான் அதற்குள் ஓரடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றில் விழும். மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய விலங்கு அது. வயிற்றில் அடிபட்டதை அந்த வெட்டவெளியில் எங்கே போய்த் தேடுவாய்?

அதோடு இந்த ஊர்க் காற்றை மறந்துவிட்டாய். அட்லாண்டாவுக்குப் போய் இத்தனை வருடமானால் மறக்கத்தான் செய்யும். மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்றை நாங்கள் இங்கே காற்று என்றே சொல்வதில்லை. அந்தக் காற்றிலேயே 6.5 கிரீட்மூர் போன்ற நல்ல தோட்டாவின் குண்டு 300 கெஜத்தில் சுமார் ஐந்து அங்குலமும், 400 கெஜத்தில் ஒன்பது, பத்து அங்குலமும் ஒதுங்கும். ஷெர்லி பேசின் சமவெளியில் மதியத்துக்கு மேல் இருபது மைல் காற்று சாதாரணம். கணக்கை நீயே இரட்டித்துக்கொள். தூரத்தைக் கருவி அளந்து சொல்லிவிடும். உனக்கும் மானுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

ஆகவே ரைபிள். மேக்னத்தின் பின்னுதைப்பு 6.5 கிரீட்மூரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உதைக்கும் துப்பாக்கியை யாரும் விரும்பிப் பழகுவதில்லை. ஆறேழு குண்டிலேயே தோள் நொந்து, அடுத்த முறை விசையை இழுக்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். என்னிடம் இருப்பது .243 வின்செஸ்டர். 1955-இல் வந்த தோட்டா, 100 கிரெயின் (சுமார் ஆறரை கிராம்) குண்டு, பின்னுதைப்பு மிகக் குறைவு. பிராங்ஹார்னுக்கு அது தாராளம். ஆனால் நீ பின்னால் இதைவிடப் பெரிய மியூல் மானுக்கும் வருவேன் என்கிறாய் என்பதால், உனக்கு 6.5 கிரீட்மூரைச் சொல்வேன். 2007-இல் வந்தது, அமெரிக்காவில் எந்தச் சிற்றூர்க் கடையிலும் அதற்குத் தோட்டா கிடைக்கிறது. பழசுதான் வேண்டும் என்றால் .270 வின்செஸ்டர் 1925-இலிருந்து இதே சமவெளியில் வேலை செய்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் கூடுதலாக உதைக்கும், அவ்வளவுதான். இங்கே சில பெரியவர்கள் .25-06 என்ற தோட்டாவைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, குண்டு அவ்வளவு தட்டையாகப் போகும். ஆனால் நீ அட்லாண்டாவில் அந்தத் தோட்டாவைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும்.

போல்ட் ஆக்‌ஷன் ரைபிளாக வாங்கு, அதாவது ஒவ்வொரு தோட்டாவையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்றுவது. டிக்கா, ருகர், சாவேஜ் எந்த நிறுவனத்துடையதானாலும் இன்றைக்கு அடிப்படை மாதிரியே நூறு கெஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்த்துவிடுகிறது. மானின் நெஞ்சுக்கு அதைவிட நுட்பம் தேவையில்லை. ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரை, நான்கு கிலோ இருக்கட்டும். மலையேறுகிறவர்களுக்கென்று செய்யும் இறகு போன்ற துப்பாக்கி வேண்டாம். நாம் ஏறப்போகும் மலை எதுவுமில்லை. கனமில்லாத குழாய் காற்றில் ஆடும். கடையில் தோளில் வைத்துப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை வை, பிறகு திற. ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ சுருக்கியோ தேட வேண்டியிருந்தால் துப்பாக்கியின் மரக்கட்டைப் பகுதி நீளத்திலோ உயரத்திலோ உனக்குப் பொருந்தவில்லை. உன் கை நீளம் உன் தாத்தாவைப் போல. கடைக்காரர் நீட்டுகிற முதல் துப்பாக்கியை வாங்கிவிடாதே.

ஸ்கோப் 3-9 மடங்கு போதும், மிஞ்சினால் 4-12. இருபத்தைந்து மடங்கில் செப்டம்பர் வெயிலில் பார்த்தால் மான் தெரியாது, கானல்தான் தெரியும். கூட்டம் நகர்ந்துவிட்டால் அந்தக் குறுகிய வட்டத்துக்குள் மறுபடி அதைப் பிடிக்கவும் முடியாது. 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்து வை. அப்படி வைத்தால் 300-இல் குண்டு ஏழு, எட்டு அங்குலம் தாழும். முதுகுக்கோட்டின் மேல் குறி வைத்தால் நெஞ்சில் விழும். 400-இல் இருபது அங்குலத்தைத் தாண்டித் தாழ்கிறது. உன் வேட்டை 300-க்குள் முடிந்துவிட வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மிச்சப்படும் பணத்தைப் பைனாகுலரில் போடு. இதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்க மாட்டேன். 10x42, அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்; உன்னால் முடிந்த மிக நல்ல கண்ணாடி. அங்கே நாள் முழுவதும் நாம் செய்யப்போவது பார்ப்பதுதான். பெண் மானுக்கும் கொம்பு உண்டு என்பதை நினைவில் வை. பெரும்பாலும் காதைவிடக் குட்டையாக இருக்கும், சிலதுக்கு இருக்கவே இருக்காது. ஆணுக்குத் தாடைக்குக் கீழே கறுப்புத் திட்டு இருக்கும். குட்டிப் பருவம் கடந்த இளம் ஆணைப் பெண் என்று நினைத்துச் சுட்டுவிட்டால் அது சட்ட மீறல், வனவிலங்கு அதிகாரி சாக்குக் கேட்க மாட்டார். திட்டு இருக்கிறதா இல்லையா என்று கண்ணாடியில் உறுதி செய்த பிறகே ரைபிளைத் தொடு. தூரம் அளக்கும் லேசர் கருவி ஒன்றும் வேண்டும். அது என்னிடம் இருக்கிறது, வாங்காதே.

அந்த மூன்று அடுக்கு உடையை அடித்துவிட்டேன். பிராங்ஹார்னின் கண் பெரியது, தலையின் பக்கவாட்டில் இருக்கிறது, கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும். அசைவைத்தான் பிடிக்கும், உன் சட்டையில் அச்சிட்ட இலையை அது எண்ணிக்கொண்டிருக்காது. பழைய காக்கிச் சட்டை போதும். ஆனால் சட்டப்படி ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை ஒன்று வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். தொப்பியோ மேல்சட்டையோ போதும், அதைத் தவிர்க்க முடியாது. மேடு பள்ளத்தைப் பயன்படுத்தி, கடைசி இருநூறு கெஜத்தைத் தவழ்ந்தும் ஊர்ந்தும் கடப்போம். அதற்கு உன் பட்டியலில் இல்லாத இரண்டு பொருள்கள் வேண்டும்: தோல் கையுறை, முழங்கால் பட்டை. இங்கே தரையெல்லாம் சப்பாத்திக் கள்ளி. நம் ஊரில் வேலியில் ஆளுயரம் வளர்வது இங்கே புல்லுக்குள் கணுக்கால் உயரத்தில் பதுங்கிக் கிடக்கும். ராட்டில்ஸ்னேக் என்ற நச்சுப் பாம்பும் செப்டம்பரில் வெளியேதான் இருக்கும், கை வைக்கும் இடத்தைப் பார்த்து வை.

முக்காலி இருக்கட்டும், ஆனால் கார்பன் வேண்டாம். படுத்துச் சுடலாம் என்று நீ நினைப்பாய். படுத்தால் சேஜ் புதர் முகத்துக்கு நேரே நிற்கும். உட்கார்ந்து சுடும் உயரத்துக்கு வரக்கூடிய எளிய தாங்கி போதும். இனி அட்லாண்டாவில் பழகும்போது மேசை மேல் மணல்மூட்டை வைத்துச் சுடாதே. குறி சரிபார்க்க மட்டும் மேசை. மற்றபடி தரையில் உட்கார்ந்து, தாங்கியில் வைத்து, சற்று ஓடிவிட்டு மூச்சிரைக்கச் சுட்டுப் பார். இலக்குக்குச் சாப்பாட்டுக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டு. எந்தத் தூரத்தில் பத்துக் குண்டும் தட்டில் விழுகிறதோ அதுதான் உன் தூரம். அது 180 கெஜம் என்றால் 180-தான், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த மாநிலத்து லேண்டர் ஊரில் 1940-களிலிருந்து ஒரு போட்டி நடக்கிறது, ஆளுக்கு ஒரே ஒரு தோட்டா கொடுத்து பிராங்ஹார்ன் வேட்டைக்கு அனுப்புவார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதன் எவ்வளவு அருகில் போகிறான் பார்.

குண்டு செம்பில் செய்ததாக வாங்கு. ஈயக் குண்டு உள்ளே உடைந்து கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கறியில் பரவும். பேத்தியும் சாப்பிடப் போகிறாள். நாம் விட்டுவரும் குடலைக் கழுகும் காக்கையும் தின்னும். சுடும் முன் இன்னொன்று: இவை கூட்டமாக நிற்கும், குண்டு ஊடுருவி மறுபக்கம் போகும். உன் மானுக்குப் பின்னால் இன்னொன்று நின்றால் காத்திரு. உன்னிடம் ஓர் அனுமதிதான் இருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து அத்தை தொலைபேசியில் கோபப்பட்டாள். கோடியக்கரையில் வெளிமானைத் தொட்டால் சிறை, அங்கே பிள்ளைக்குச் சுடச் சொல்லிக் கொடுக்கிறாயா என்று. அவளிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். வெளிமான் வேறு, இது வேறு. இதற்கு உயிரோடு இருக்கிற நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கியும், ஒகாபி என்ற ஆப்பிரிக்கக் காட்டு விலங்கும். 2022-23 குளிர்காலத்தில் மாநிலத்தின் தென்மேற்கில் பிராங்ஹார்ன் கூட்டங்கூட்டமாகச் செத்தபோது அனுமதிச் சீட்டுகளைக் கடுமையாகக் குறைத்தார்கள். பெருகுகிற இடத்தில் கூட்டுகிறார்கள். நீ வாங்கும் ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 சதவீத வரி இருக்கிறது, அது வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. அத்தை சமாதானம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை.

சுட்ட பிறகுதான் உண்மையான வேலை. பிராங்ஹார்ன் கறி நாறும் என்று சொல்பவர்கள் அநேகமாக வெயிலில் வண்டிக்குப் பின்னால் போட்டு ஊர் முழுக்கக் காட்டிவிட்டு வந்தவர்கள். அதன் மயிர் உள்ளே பொள்ளலானது, சூட்டை வெளியே விடாது. உடனே குடலை எடுத்து, தோலை உரித்து, துணிப்பையில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டால் ஆட்டுக்கறியைவிட மென்மை. அப்பா மிளகும் சீரகமும் வறுத்து அரைத்துச் செய்வார், நீ சாப்பிட்டிருக்கிறாய். நான்கு அங்குலக் கத்தி ஒன்று, கூர்தீட்ட ஒரு கல், ரப்பர் கையுறை. பல் வைத்த அந்தப் பெரிய கத்தியையும் அடித்துவிட்டேன். அனுமதிச் சீட்டில் தேதியைக் குறித்து, கையெழுத்துப் போட்டு மானோடு கட்ட வேண்டும். பெண் என்பதற்கான அடையாளத்தைக் கறியோடு வைத்திருக்கவும் வேண்டும்.

நிலத்தைப் பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன். ரயில் பாதைக்காக 1862-இல் கட்டம் விட்டுக் கட்டம் கொடுத்த நிலம் தெற்கே இன்றும் சதுரங்கப் பலகையாகத்தான் கிடக்கிறது, ஒரு மைல் அரசுடையது, அடுத்த மைல் தனியாருடையது. நாம் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. பொது நிலம் எது என்று வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறேன். சாலையிலிருந்து யாராவது சுடுவதைப் பார்ப்பாய்; அது குற்றம், நீ செய்யாதே.

விமானத்தில் வருவாய் என்பதால், ரைபிள் காலியாக, பூட்டிய கெட்டிப் பெட்டியில், பயணச் சீட்டு தரும் இடத்தில் அறிவித்து அனுப்ப வேண்டும். தோட்டாவையும் சரக்கில்தான் போட வேண்டும். ஐந்து கிலோ வரை விடுவார்கள், இரண்டு பெட்டி கொண்டுவந்தால் போதும். நீ 1966-க்குப் பிறகு பிறந்தவன், ஆகவே வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது இங்கேயே எடுத்தாய், அந்த அட்டை உன் பழைய மேசையில் இல்லை, தேடிவிட்டேன். உன்னிடம் இருக்கிறதா பார். இல்லையென்றால் நகல் கேட்டு இப்போதே எழுது, செப்டம்பர் வரை விடாதே.

வந்திறங்கிய அன்றே சுடுகளத்துக்குப் போவோம். பெட்டி விமானத்தில் எப்படி உருண்டதோ தெரியாது, குறி விலகியிருக்கலாம். காஸ்பர் ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது, குண்டு சற்று மேலேயும் விழும்.

எந்த ரைபிள் என்று முடிவு செய்ததும் பணம் கட்டும் முன் எனக்கு எழுது. விமான நேரத்தையும் சேர்த்து எழுது. அப்பா அன்று பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்கிறார், வண்டியை நான் எடுக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா