கிரீன்பெல்டிலிருந்து அப்பாவுக்கு

கிரீன்பெல்ட், மேரிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். புது வீட்டின் பத்திரம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பெயரில் வீட்டுப் பத்திரம் இல்லை அப்பா. இந்தப் பகுதியில் உள்ள சுமார் 1,600 வீடுகளும் ஒரே கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். நாங்கள் வாங்கியது அச்சங்கத்தின் உறுப்பினர் உரிமையும், அதன் வழியாக இவ்வீட்டில் குடியிருக்கும் நிரந்தர உரிமையுமே. சொத்துவரியும் பராமரிப்பும் மாதாமாதம் சங்கத்துக்குக் கட்டும் தொகையில் அடங்கிவிடும். முப்பது ஆண்டுகள் சங்கச் செயலாளராக இருந்த உங்களுக்கு இது புரியும். இவருடைய அலுவலக நண்பர்களுக்குப் புரியவைக்கத்தான் எங்களுக்கு நேரம் பிடித்தது.

இந்த ஊரே அரசாங்கம் கட்டியது. நாடு முழுவதும் வேலையில்லாமல் தவித்த காலத்தில், அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆட்சி, வேலை கொடுக்கவும் எளிய வருமானக் குடும்பங்களுக்கு நல்ல வீடு கொடுக்கவும், வாஷிங்டனுக்கு வடகிழக்கே காட்டை ஒட்டி இதை எழுப்பியது. 1937-இல் முதல் குடும்பங்கள் குடியேறின. முதலில் கட்டிய 885 வீடுகளுக்கு 5,700-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் விண்ணப்பித்தனவாம். 1952-இல் அரசு வீடுகளை விற்கத் தொடங்கியபோது, குடியிருந்தவர்களே சங்கமாகக் கூடி வாங்கிக்கொண்டார்கள். அன்று அவர்கள் ஒன்று சேராமல் இருந்திருந்தால், இவ்வளவு மரங்களுக்கிடையே இந்த விலைக்கு எங்களுக்கு வீடு கிடைத்திருக்காது.

வீடுகள் வரிசையாக ஒட்டியே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகப்புகள். ஒரு பக்கம் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கும், மறுபக்கம் தோட்டத்தையும் நடைபாதையையும் பார்க்கும். நடைபாதை முக்கியச் சாலையைக் குறுக்கே கடப்பதில்லை. அதன் அடியில் சிறு சுரங்கவழியாகச் செல்கிறது. சனிக்கிழமைகளில் நானும் உங்கள் பேத்தியும் அதன் வழியாகத்தான் நூலகத்துக்குப் போகிறோம். மழை பெய்த மறுநாள் அதன் தரையில் இலைகள் ஒட்டிக்கிடக்கும். தலைக்கு மேலே கார் போகும் ஓசை மட்டும் கேட்கும். அவள் என் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடுவாள், நானும் அழைப்பதில்லை. முன்பு இருந்த ஊரில், வாசலைத் தாண்டினால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடியேதான் நடப்பேன்.

கடைத்தெருவில் மளிகைக் கடையும் கூட்டுறவுக் கடையே. ஊர்ச் செய்தித்தாளும் அப்படித்தான். 1937 நவம்பரிலிருந்து வாரம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது, வீட்டு வாசலுக்கே இலவசமாக வந்துவிடும். நகர்மன்றக் கூட்டத்தில் மக்கள் ஒரு மனை வணிகரைக் கடிந்து பேசியதை அது அப்படியே அச்சிட, அவர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றங்களில் தோற்ற அச்சிறு பத்திரிகை, 1970-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. ஊர் விவகாரத்தைத் துணிந்து எழுதும் இந்தத் தாளை நான் ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய பள்ளிக் கட்டடத்தின் சுவரில் லெனோர் தாமஸ் என்னும் சிற்பி, அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையைக் கல்லில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார். நீதியை நிலைநாட்டுவது பற்றிய சிற்பமும் அவற்றுள் உண்டு. ஆனால் அந்நாளில் கறுப்பினத்தவர் எவருக்கும் இங்கு வீடு கிடையாது. ஊரைக் கட்டிய கூலியாட்களில் அவர்களும் இருந்தார்கள், குடியேறத்தான் அனுமதியில்லை. இதை அறிந்தபின் அந்தச் சுவரை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. இன்று நகரின் பெரும் பிரிவினர் கறுப்பின மக்கள்தாம். ஆயினும் அவர்களில் பலர் வசிக்கும் அடுக்ககங்களுக்கும் இந்தப் பழைய பகுதிக்கும் இடையே பெரும் நெடுஞ்சாலைகள் குறுக்கிடுகின்றன. எங்கள் நடைபாதைகள் அங்கு வரை செல்வதில்லை. இழைத்த அநீதிக்கு ஈடு செய்வது பற்றி ஆராயக் குழு அமைக்கலாம் என்று 2021-இல் ஊர் மக்கள் வாக்களித்தார்கள்.

அம்மாவிடம், பக்கத்து லான்ஹமில் சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது, காரில் சிறிது நேரத்தில் போய்விடலாம் என்று சொல்லுங்கள். மாலையில் நடக்க ஏரிக்கரையும் உண்டு.

சங்கத்தின் துணைவிதிகளை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உறுப்பினர் உரிமையை மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பது பற்றிய பகுதியில் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். உங்கள் சங்கத்தில் இதை எப்படிச் செய்தீர்கள் என்பதை எழுதுங்கள்; அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் இது பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

தங்கள் அன்பு மகள்