இரண்டாம் அடியைத் தாளில் எழுதுங்கள்: கார்னிவல் இசைப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் சேர்ந்த கான்சர்ட் பேண்டுகளுக்கும் விண்ட் பேண்டுகளுக்கும், கார்னிவல் என்ற தெருக் கொண்டாட்டத்தின் இசையை அச்சிட்டு விற்கும் பதிப்பாளர்களுக்கும், அவர்களுக்காக இசையை பேண்டுக்கு ஏற்ப மாற்றி எழுதித் தரும் அரேஞ்சர்களுக்கும் வணக்கம்.

'கார்னிவல்' என்று தலைப்பிட்ட ஸ்கோர்களுக்கு (எல்லாக் கருவிகளின் வரிகளும் அடங்கிய இசைத்தாள்) உங்கள் பட்டியல்களில் குறைவில்லை. வாங்கிப் பிரித்தால் பல ஸ்கோர்களில் இருப்பது ஒன்றுதான்: மேலே உச்சத்தில் நிற்கும் டிரம்பெட்டுகள், கீழே ஒரே ஒரு டிரம் செட் பார்ட் (ஒரு கருவிக்கான தாள்), அதன் தலையில் 'சாம்பா' என்று ஒரு சொல், இரண்டு பாருக்கு (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) ஒரு மாதிரி, அப்புறம் 'இதேபோல் தொடர்க'. பேண்டு வாசிக்கிறது, சத்தமும் வருகிறது. கார்னிவல் மட்டும் வருவதில்லை. வாசிப்பவர்கள் மேல் குறை இல்லை. தாளிலேயே அது எழுதப்படவில்லை.

முதல் கோரிக்கை: எந்த ஊர்க் கார்னிவல் என்று எழுதுங்கள். தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்டம் என்பது பல ஊர்களுக்கும் பொது, தாளம் அப்படியில்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் அந்த நாள்கூடப் பொது இல்லை: திருநீற்றுப் புதன் கழிந்த திங்கட்கிழமை, அதிகாலை 4 மணிக்குத் தெருவிளக்குகளை அணைத்துவிட்டு பிக்கோலோவும் டிரம்மும் முழங்கத் தொடங்குகிறார்கள். பிரேசிலின் ரியோவில் சாம்பா, அதே நாட்டின் ரெசிஃபியில் ஃப்ரெவோ, டிரினிடாடில் கலிப்சோவும் சோக்காவும், நியூ ஆர்லியன்ஸில் தெரு பிராஸ் பேண்டு. இந்த நான்கையும் ஒரே மெட்லியில் (பல மெட்டுகளின் தொகுப்பு) கோத்து, அடியில் ஒரே டிரம் மாதிரியை ஓடவிடுவது, நாதஸ்வரக் கச்சேரிக்கும் கரகாட்டத்துக்கும் ஒரே தவிலடியை எழுதி வைப்பது போன்றது.

ரியோ சாம்பாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது அங்கேதான். தாளம் 2/4. கனம் விழுவது இரண்டாம் அடியில். சாம்பா பள்ளிகள் எனப்படும் கார்னிவல் ஊர்வலக் குழுக்களின் தாளக் குழுவில் 200 பேருக்கு மேல் வாசிப்பார்கள். அத்தனை பேரையும் தாங்குவது சர்டோ என்ற பெரிய டிரம். அதில் மூன்று வகை. மிகத் தாழ்ந்த முதல் சர்டோ இரண்டாம் அடியில் ஒலிக்கும். சற்று உயர்ந்த இரண்டாம் சர்டோ முதல் அடியில் பதில் சொல்லும். இன்னும் சிறிய மூன்றாவது, இரண்டுக்கும் இடையே வெட்டி வெட்டி விளையாடும். உங்கள் பார்ட்களிலோ பாஸ் டிரம் மார்ச் பழக்கத்தில் முதல் அடியில் ஓங்கி விழுகிறது, அல்லது இரண்டு அடிகளிலும் ஒரே அளவில் விழுகிறது. அந்த நொடியே அது பொல்காவாகிவிடுகிறது.

சர்டோவை மூன்று தனி வரிகளாக அச்சிடுங்கள். எல்லா பேண்டிடமும் சர்டோ இருக்காது என்பதால் மாற்றையும் அதே பக்கத்தில் சொல்லிவிடுங்கள்: முதல் சர்டோவுக்குக் கான்சர்ட் பாஸ் டிரம், தோலின் கால்வாசியை மூடும் அளவுக்குத் துணி, இரண்டாவதுக்கு 18 அங்குல ஃப்ளோர் டாம், மூன்றாவதுக்கு 16 அங்குலம். துணி இல்லாத பாஸ் டிரம்மின் ரீங்காரம் அடுத்த அடிவரை நீண்டு டியூபாவை விழுங்கிவிடும். தோலைக் கையால் அமுக்கி ஒலியை நிறுத்துவதும் வாசிப்பில் ஒரு பகுதிதான். முதல் சர்டோக்காரர் முதல் அடியில் கை வைத்து அடக்கி, இரண்டாம் அடியில் விடுகிறார். அந்த அடக்கத்துக்கும் ஒரு குறி வேண்டும்.

டம்போரிம் என்ற 6 அங்குலச் சிறு டிரம்மின் தாளக்கோவை இரண்டு பார் நீளமுள்ளது. அதன் எந்தப் பாதி மெட்டின் எந்தப் பாதியோடு சேர்கிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. முன்னிசையில் ஒற்றைப்படை பார்களை வைத்துவிட்டு, கோவையை மட்டும் 'இதேபோல் தொடர்க' என்று விட்டால், பாட்டு தொடங்கும்போது அது தலைகீழாக நிற்கும். பிரேசிலில் இதற்கு 'சாம்பாவைக் குறுக்கே வெட்டுவது' என்று ஒரு சொல்லே உண்டு; அங்கே அது பெரும் பிழை. ஆகவே டம்போரிம் வரியை முதல் பாரிலிருந்து கடைசி பார்வரை முழுதாக எழுதுங்கள். இரண்டு பக்கம் கூடுதல் தாள் ஆகும், ஆகட்டும்.

ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரிக்கும் ஸ்நேர், சேக்கர் வரிகளில் இன்னொரு நுட்பம். பார்வைக்குச் சதுஸ்ர நடை. ஆனால் நான்கு துண்டுகளும் இம்மி பிசகாத சம அளவில் விழுவதில்லை, ஒரு தள்ளாட்டம் இருக்கிறது. அதைப் புள்ளி வைத்தோ திஸ்ரமாக்கியோ எழுத முயலாதீர்கள், இரண்டும் பொய்யாகிவிடும். நேராக அச்சிட்டு, 'காதால் கேட்டுப் பழகவும்' என்று ஒரு வரி போடுங்கள். குயிக்கா என்ற உரசு டிரம் இல்லாத பேண்டுக்கு வழுக்கு விசிலை மாற்றாகப் பரிந்துரைக்க வேண்டாம். தோலின் நடுவே பொருத்திய குச்சியை ஈரத் துணியால் தேய்த்து எழுப்பும் ஒலிக்கு அது ஈடாகாது. வரியை எடுத்துவிடுவதே மேல்.

ஃப்ரெவோவை ஏன் இவ்வளவு அரிதாக அச்சிடுகிறீர்கள் என்பது எங்களுக்குப் புரியவில்லை. மற்றவற்றை விண்ட் பேண்டுக்கு மாற்றி எழுத வேண்டும். ஃப்ரெவோ ரெசிஃபியின் ராணுவ பேண்டுகளையும் தெரு பேண்டுகளையும் ஒட்டியே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. 2012இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கொதிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர், வேகமும் அப்படித்தான். அதன் உயிர் டிரம்பெட், டிராம்போன் ஒரு பக்கமும் சாக்ஸபோன், கிளாரினெட் மறுபக்கமுமாக நடக்கும் வாக்குவாதம். சிறிய பேண்டுக்கும் பயன்படட்டும் என்று சாக்ஸபோன் வரியையே டிரம்பெட்டுக்கும் கொடுத்துவிடுகிறீர்கள். இரண்டு தரப்பும் ஒரே குரலில் பேசினால் வாக்குவாதம் ஏது? இரட்டிப்பதை விட்டு, சிறிய எழுத்தில் கியூ (தேவைப்பட்டால் மட்டும் வாசிக்கும் மாற்று வரி) அச்சிடுங்கள். ஆள் குறைந்த பேண்டு எடுத்துக்கொள்ளும், நிறைந்த பேண்டு விட்டுவிடும்.

நியூ ஆர்லியன்ஸ் தாளத்துக்கு டிரம் செட் வேண்டாம். பாஸ் டிரம்முக்கு ஒருவர், அதன் மேல் பொருத்திய சிம்பலும் அவருடையதே, ஸ்நேருக்கு இன்னொருவர். இரண்டு பாருக்கு ஒருமுறை நான்காம் அடியில் அழுத்தம். டிரினிடாட் இசையில் இரும்புப் பீப்பாயில் செய்த ஸ்டீல் பேன் இல்லாதபோது மரிம்பாவும் வைப்ரஃபோனும் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் காரின் பிரேக் டிரம்மை இரும்பால் தட்டும் வரியை மட்டும் எதற்காகவும் விடாதீர்கள், முழுக் குழுவும் நேரம் பிடிப்பது அதைக் கேட்டுத்தான்.

வேகக் குறியோடு இருக்கை வரைபடமும் தாருங்கள். காரணம் கணக்குதான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. தாளக்கருவிகள் 10 மீட்டர் பின்னால் இருந்தால், அவற்றின் அடி முன்வரிசைப் புல்லாங்குழலுக்கு 29 மில்லி நொடி தாமதமாகச் சேரும். நிமிடத்துக்கு 140 அடி வேகத்தில் ஓர் அடியின் நான்கில் ஒரு பங்கு என்பது 107 மில்லி நொடி. அதில் கால் பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. பேண்டு 'இழுக்கிறது' என்று நடத்துநர் திட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தாளக்கருவிகள் டியூபாக்களை ஒட்டி நடுவில் இருக்கட்டும். எதிரொலி மிகுந்த அரங்குக்கு 126 என்று இரண்டாவது வேகத்தையும் அச்சிடுங்கள்.

பேண்டுக்கு மாற்றி எழுதப்படும் ஆர்கெஸ்ட்ரா ஓவர்ச்சர்களுக்கு (தொடக்க இசைகள்) வருவோம். 1844இல் முதன்முதலாக வாசிக்கப்பட்ட பெர்லியோஸின் ரோமன் கார்னிவலும், 1891இல் துவோர்ஷாக் எழுதிய கார்னிவலும் ஏ மேஜர் ஸ்கேலில் அமைந்தவை. வயலினுக்கு அது வீடு. பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் அது ஐந்து ஷார்ப் (சுரத்தை அரை அளவு உயர்த்தும் குறி), ஈ ஃபிளாட் சாக்ஸபோனுக்கு ஆறு. அரை சுரம் இறக்கி ஏ ஃபிளாட்டில் வைத்தால் முன்னதற்கு இரண்டு ஃபிளாட் (அரை அளவு இறக்கும் குறி), பின்னதற்கு ஒன்று. இறக்கினால் அதை அட்டையிலேயே சொல்லுங்கள். மூலத்தில் வைத்தால் அனுபவமுள்ள பேண்டுக்கு என்று சொல்லுங்கள். வயலின் ஓட்டத்தை கிளாரினெட்டுக்கு அப்படியே நகலெடுக்கும்போது தொண்டை சுரங்களிலிருந்து (கீழ் ரெஜிஸ்டரின் உச்சியில் உள்ளவை) மேல் ரெஜிஸ்டருக்குத் தாவும் இடத்தில் விரல்கள் சிக்கும். முதல், இரண்டாம் கிளாரினெட்டுகளுக்கு ஓட்டத்தைப் பங்கிட்டால் அந்தச் சிக்கல் தீரும்.

செக் இசையமைப்பாளர் ஃபூச்சிக் 1897இல் ராணுவ பேண்டுக்காக எழுதிய கிளாடியேட்டர்கள் மார்ச்சை எல்லோரும் சர்க்கஸ் வேகத்தில்தான் அறிவார்கள். சிறிய பேண்டுக்கென 1901இல் வேறு பெயரில் வந்த பதிப்பு வழியே அந்தப் பழக்கம் பரவியது. எந்தப் பதிப்பைத் தழுவியது என்று அச்சிட்டால், எந்த வேகம் என்ற சண்டை ஒத்திகையில் எழாது.

கடைசியாக உதடுகள். கார்னிவல் உருப்படியை நிகழ்ச்சியின் முடிவில் வைப்பதுதான் வழக்கம், அப்போது டிரம்பெட்காரர்களின் உதடு ஏற்கெனவே தளர்ந்திருக்கும். 16 பாருக்கு ஒருமுறையாவது முதல் டிரம்பெட்டுக்கு நான்கு பார் ஓய்வு எழுதுங்கள். உச்ச சுரங்களுக்குக் கீழ் ஸ்தாயி மாற்றை அருகிலேயே அச்சிடுங்கள். டியூபாவில் இடைவிடாத வரியை இருவர் மாறி மாறி மூச்செடுக்கும்படி குறியிடுங்கள். ஒருவரே இருக்கும் பேண்டுக்கு எந்தச் சுரத்தை விடலாம் என்று அடைப்புக்குறியில் காட்டுங்கள்.

இணையத்தில் போடும் மாதிரி ஒலிப்பதிவு பற்றியும் ஒன்று. தாளில் இல்லாத ஏழு பேர் தாளக்குழு அதில் ஒலிக்கிறது. அந்த ஏழு வரிகளையும் எழுதி, பார்ட்களோடு சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காற்றிசைக் குழுக்களின் தாளக்கருவி, பித்தளை, ரீட் வாசிப்பாளர்களும் நடத்துநர்களும்