சாட்சியின் பெயரை வெளியில் நிற்பவருக்குக் கேட்கும்படி அழைக்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
அரசுத் தரப்புச் சாட்சி ஒருவரின் மகன்
(பெயர், முகவரி, வழக்கு எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
உயர்திரு முதன்மை மாவட்ட நீதிபதி அவர்கள்
(நிர்வாகப் பிரிவின் பார்வைக்கு)

பொருள்: நடுவர் நீதிமன்ற வளாகத்தில் சாட்சிகளை அழைக்கும் முறையைச் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் கொடுத்த மூன்று மனுக்கள். முதல் மனுவின் நகலில் மட்டும் அலுவலக முத்திரை உண்டு. மற்ற இரண்டையும் "வச்சுட்டுப் போங்க" என்று வாங்கிக்கொண்டார்கள்.

ஐயா,

வணக்கம். சாலை விபத்து வழக்கு ஒன்றின் சாட்சிப் பட்டியலில் என் தாயார் பெயர் மூன்றாவதாக உள்ளது. விபத்தை நேரில் பார்த்தவர். வயது 71. வலது காது அறவே கேட்காது. வழக்கைப் பற்றி நான் எதுவும் கேட்க வரவில்லை, கேட்கவும் கூடாது என்று அறிவேன். பெயரைக் கூப்பிட்டால் அது அவர் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை.

1. தாங்கள் அறிந்த வளாகம்தான். சாட்சி சொல்லும் வரை உள்ளே இருக்கக் கூடாது என்பது முறை, அதில் குறை சொல்லவில்லை. தாழ்வாரத்தில் இரண்டே பெஞ்சுகள். அவற்றிலும் பாதி இடத்தில் கேஸ் கட்டுகள். மீதிப் பேர் வண்டி நிறுத்தும் இடத்து மரத்தடியில்தான் நிற்கிறோம். டவாலிச் சேவகர் வாசற்படியில் நின்று மூன்று முறை கூப்பிடுகிறார். ஜெனரேட்டர் ஓடினால் எனக்கே கேட்பதில்லை.

2. இதுவரை நான்கு வாய்தா. முதல் முறை நீதிபதி விடுப்பு. இரண்டாம் முறை எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டார். மூன்றாவது வாய்தாவைப் பற்றித்தான் மூன்று மனுவிலும் எழுதினேன், மறுபடியும் எழுதுகிறேன். காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை அம்மா இடத்தை விட்டு அசையவில்லை. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள், அலுவலகத்தில் கேட்டால் துப்புரவுப் பணியாளரிடம் என்றார்கள். நான் சாவிக்கு அலைய, அம்மா பின் கேட் வழியாக வெளியே போய்விட்டு வர, அந்த இடைவெளியில் மூன்று முறையும் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். "சாட்சி ஆஜரில்லை" என்று பிடிவாரண்ட். ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட்தான் என்று வக்கீல் ஆறுதல் சொன்னார். காவலர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது தெருவுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா ஐயா? "நான் என்னடா தப்புப் பண்ணேன், பார்த்ததைச் சொல்றேன்னுதானே சொன்னேன்" என்று அன்று ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை. நான்காவது வாய்தா அந்த வாரண்டை ரீகால் செய்து ரத்தாக்குவதிலேயே போயிற்று.

3. அதற்குப் பிறகு அம்மா கோர்ட்டுக்குத் தயாராகும் விதத்தைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் கொடுத்த நீர் மாத்திரையை வாய்தா அன்று தொடுவதில்லை. சொன்னால் கேட்க மாட்டார். "அங்க எங்கடா போறது" என்பார். சம்மனை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஆதார் அட்டையையும் அதிலேயே செருகி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறார். விபத்து நடந்ததைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டிய மனுஷி, கழிப்பறைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

4. வழக்கின் 16 இலக்க அடையாள எண்ணை (சிஎன்ஆர்) போட்டால் ஈகோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதி வருகிறது, நல்ல வசதி. ஆனால் முற்பகலா பிற்பகலா என்பது வராது. அன்றைய பட்டியலையாவது வாசலில் ஒட்டலாம். ஒட்டுவதில்லை, அல்லது மதியத்துக்கு மேல் ஒட்டுகிறார்கள்.

5. சாட்சி வந்திருக்கும்போது விசாரிக்காமல் ஒத்திவைப்பதானால் தனிக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு சொன்னது. 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அதுவே 346. நீதிமன்றத்தில் சாட்சிக்கு உட்கார இடமில்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்க வழியில்லை என்று ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே 2000-ஆம் ஆண்டில் வருந்தியிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை வருஷம்! இதெல்லாம் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கீழே யாருக்காவது தெரிந்திருக்கிறதா?

6. சாட்சி வந்துபோகும் செலவுக்கான படி தரவில்லை. போகட்டும்.

7. நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. வாசலில் ஒரு ஒலிபெருக்கி. காலையிலேயே முற்பகல், பிற்பகல் என்று பிரித்து ஒட்டிய பட்டியல். வயதானவர்கள் எழுந்து போகும்போது பெஞ்ச் கிளார்க்கிடம் சொல்லிவிட்டுப் போனால் அவர் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு. கழிப்பறைச் சாவி ஆணியில் தொங்கட்டும். ஒலிபெருக்கிக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்றார்கள். ஆணிக்கும் நிதி ஒதுக்க வேண்டுமா ஐயா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். மூன்று மனு மரியாதையாகத்தான் எழுதினேன்.

அடுத்த வாய்தா வரப்போகிறது. நேற்றுச் சாயங்காலம் அம்மா என்னைத் தெருமுனையில் போய் நிற்கச் சொல்லி, அங்கிருந்து அவர் பெயரை மூன்று முறை கூப்பிடச் சொன்னார். எந்தப் பக்கம் திரும்பி நின்றால் இடது காதில் விழுகிறது என்று திண்ணைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை கேட்டது. ஒரு முறை பஸ் போய்விட்டது.

வாய்தாவுக்கு முன்பாகவே தக்க உத்தரவு பிறப்பிக்குமாறு மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், சம்மன் நகல், தாயாரின் காது பரிசோதனைச் சான்று.